சேசிஸ் இயர்: பழைய ஸ்விஃப்டின் முன்பக்கச் சத்தத்தைப் பிடிக்க இந்தக் கருவி எவ்வளவு உதவும்?

பழைய காரின் முன்பக்கத்தில் "டக் டக்" என்று சத்தம் வந்தால் நம் ஊரில் வழக்கமாக நடப்பது இதுதான். முதலில் லிங்க் ராடு மாற்றுவார்கள். சத்தம் போகாவிட்டால் ஸ்ட்ரட் மவுண்ட். அதற்கும் போகாவிட்டால் லோயர் ஆர்ம், அப்புறம் ஷாக் அப்சர்பர், கடைசியில் சக்கரங்களைத் திருப்பும் ஸ்டீயரிங் ரேக். ஒவ்வொரு முறையும் பாகத்தின் விலை, கூலி, அலைன்மென்ட் என்று காசு போகும். நல்ல பாகங்கள் கழற்றி எறியப்படும். சத்தம் மட்டும் அங்கேயே இருக்கும்.

இந்தச் சுற்றை நிறுத்தத்தான் சேசிஸ் இயர் என்ற கருவி இருக்கிறது. வண்டிக்கு அடியில் சந்தேகப்படும் இடங்களில் மைக் பொருத்திய கிளிப்புகளை மாட்டி, வண்டியை ஓட்டிக்கொண்டே ஒவ்வொன்றாகக் கேட்கும் கருவி. அமெரிக்காவில் ஸ்டீல்மேன் என்ற பெயரில் வருவது பரவலாகத் தெரிந்தது. அதே வடிவத்தில் பெயரில்லாத செட்டுகளும் ஆன்லைனில் கிடைக்கின்றன. நம் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம்: கருவி உண்மையாகவே வேலை செய்கிறது, வாங்கத் தகுந்தது. ஆனால் எந்தப் பாகம் தேய்ந்தது என்று அது சொல்லாது. எந்த இடத்தில் சத்தம் பலமாக இருக்கிறது என்று மட்டும்தான் சொல்லும். இந்த வித்தியாசம் புரியாமல் பயன்படுத்தினால் பழைய கதைதான், கூடுதலாக ஒரு ஹெட்ஃபோன் செலவு.

இந்த மதிப்பீட்டுக்கு எடுத்துக்கொண்ட வண்டி முதல் தலைமுறை மாருதி ஸ்விஃப்ட், அதாவது 2005 முதல் 2011 வரை இங்கே விற்றது. இன்னும் ஏராளமாக ஓடுகிறது. முன்பக்கம் சாதாரண மெக்பெர்சன் ஸ்ட்ரட் அமைப்பு, அதாவது ஷாக் அப்சர்பரும் ஸ்பிரிங்கும் ஒன்றாகச் சேர்ந்த தூண்; திருப்பத்தில் வண்டி சாய்வதைக் குறைக்கும் ஸ்டெபிலைசர் பாரை ஸ்ட்ரட்டோடு இணைக்கும் லிங்க் ராடு; பால் ஜாயின்ட் என்ற உருண்டை மூட்டோடு சேர்ந்தே வரும், சக்கரத்தைக் கீழே பிடிக்கும் லோயர் ஆர்ம்; எலக்ட்ரிக் பவர் ஸ்டீயரிங். 2007-ல் வந்த டீசல் மாடலில் எஞ்சின் கனம் என்பதால் முன்பக்க ரப்பர்களுக்கு வேலை அதிகம். இதில் கற்றுக்கொள்வது சான்ட்ரோ, ஐ10, வேகன் ஆர் என்று ஸ்ட்ரட் அமைப்புள்ள எந்தப் பழைய வண்டிக்கும் பெருமளவு பொருந்தும். பொலேரோ போன்ற, தனி இரும்புச் சட்டத்தின் மேல் பாடி உட்காரும் சேசிஸ் வண்டிகளின் முன்பக்க அமைப்பு வேறு. அங்கே கிளிப் மாட்டும் இடங்களும் மாறும்.

பெட்டியில் என்ன இருக்கிறது

கம்பி செட்டில் ஆறு கிளிப்புகள், ஒவ்வொன்றிலும் ஒரு மைக், அதிலிருந்து வண்டிக்குள் வரும் அளவுக்கு நீளமான கம்பி. எல்லாம் ஒரு கைப்பெட்டியில் வந்து சேரும். பெட்டியில் சேனல் மாற்ற ஒரு திருகி, சத்தம் கூட்டிக் குறைக்க இன்னொன்று, ஹெட்ஃபோன் துளை, உள்ளே 9 வோல்ட் பேட்டரி. கம்பியில்லாத வகையில் கிளிப்பிலேயே சின்ன டிரான்ஸ்மிட்டர் இருக்கும். கம்பி இழுக்கும் தொல்லை இல்லை. ஆனால் கிளிப் கனமாக இருப்பதால் பள்ளத்தில் இறங்கும்போது நழுவி விழ வாய்ப்பு அதிகம், ஒவ்வொரு டிரான்ஸ்மிட்டருக்கும் பேட்டரி பார்க்க வேண்டும், விலையும் கூடுதல். முன்பக்கச் சத்தம் மட்டும்தான் நோக்கம் என்றால் கம்பி செட் போதும். முன்சக்கரத்திலிருந்து பயணி இருக்கைக்கு என்ன பெரிய தூரம்?

கழுத்தில் மாட்டும் மெக்கானிக் ஸ்டெதஸ்கோப்பை இதற்கு மாற்றாகச் சிலர் சொல்வார்கள். நின்ற இடத்தில் ஓடும் எஞ்சினில் ஆல்டர்னேட்டர் பேரிங்கா, டென்ஷனரா என்று பார்க்க அது அருமையான சாமான், விலையும் சொற்பம். ஓடும் வண்டியின் அடியில் அதை யார் பிடித்துக்கொண்டு போவது? சஸ்பென்ஷன் சத்தம் சக்கரம் ஏறி இறங்கும்போதுதான் வரும். அங்கே ஸ்டெதஸ்கோப்புக்கு வேலை இல்லை.

கிளிப்பைத் தொடுவதற்கு முன்

பல சத்தங்கள் இந்தக் கட்டத்திலேயே தீர்ந்துவிடும், அதனால் இதைத் தாண்டிப் போகக் கூடாது. முதலில் வீல் நட். டயர் கடையில் பஞ்சர் பார்த்துத் திரும்பிய வண்டியில் நட் சரியாக முறுக்கப்படாமல் இருந்தால் வரும் சத்தம் அச்சு அசலாக பால் ஜாயின்ட் போன சத்தம் மாதிரி இருக்கும். அப்படியே ஓட்டினால் சக்கரமே கழன்றுவிடும். வேறெதையும் தொடும் முன் நான்கு சக்கரத்துக்கும் ஸ்பானர் போட்டுப் பாருங்கள்.

அடுத்து முன் நம்பர் பிளேட், பம்பர் கிளிப்புகள், வீல் ஆர்ச்சுக்குள் இருக்கும் பிளாஸ்டிக் லைனர், எஞ்சினுக்கு அடியில் உள்ள பாதுகாப்புத் தட்டு, பேட்டரி பட்டை, ஹாரன் பிராக்கெட், சைலன்சரின் வெப்பத் தகடு. எல்லாவற்றையும் கையால் தட்டிப் பாருங்கள். பானெட் ஓரங்களில் இருக்கும் ரப்பர் கட்டைகள் தேய்ந்து இறங்கியிருந்தால் கரடுமுரடான சாலையில் பானெட்டே "கட கட" என்று அடிக்கும். அந்தக் கட்டைகளைச் சற்று மேலே திருகி ஏற்றினால் தீர்ந்தது.

மூன்றாவது, பிரேக் சோதனை. சத்தம் வரும் சாலையில் மெதுவாகப் போய்க்கொண்டே இடது காலால் பிரேக்கை மிக லேசாக, பேட் டிஸ்க்கைத் தொடும் அளவுக்கு மட்டும் அழுத்தச் சொல்லுங்கள். சத்தம் உடனே நின்றால் தேட வேண்டியது சஸ்பென்ஷனில் அல்ல, பிரேக் பேட்டைப் பிடித்திருக்கும் காலிப்பரில். பேட் மாற்றும்போது ஸ்டீல் கிளிப்பைத் தூக்கி எறிந்திருப்பார்கள், அல்லது ஸ்லைட் பின் தேய்ந்தோ கிரீஸ் வற்றியோ இருக்கும். ரப்பரைக் கெடுக்காத பிரேக் கிரீஸ் போட்டுப் புது கிளிப் மாட்டினால் சரி. லிங்க் ராடு சத்தம் என்று தவறாக முடிவெடுக்கப்படும் சத்தங்களில் இது முக்கியமானது.

கீச் கீச் என்ற சத்தத்துக்கும் இந்தக் கருவி தேவையில்லை. ஒரு ஸ்பிரே பாட்டிலில் தண்ணீர் எடுத்து, ஸ்டெபிலைசர் பார் புஷ், லோயர் ஆர்ம் புஷ் என்று ஒவ்வொரு ரப்பராக நனைத்து வண்டியை அழுத்திப் பாருங்கள். எந்த ரப்பரை நனைத்ததும் சத்தம் நிற்கிறதோ அதுதான். மழை நாளில் சத்தமே இல்லாமல், காய்ந்ததும் திரும்பி வரும் வண்டிகளெல்லாம் இந்த வகை. எஞ்சின் ஆயிலையோ சாதாரண கிரீஸையோ அங்கே பூசாதீர்கள். ரப்பர் ஊதிக் கெட்டுவிடும். சிலிகான் கிரீஸ் பூசலாம். வெடித்துப் போன புஷ்ஷை மாற்றியே ஆக வேண்டும்.

கிளிப் மாட்டுவது

இதையெல்லாம் கடந்தும் நிற்கும் சத்தத்துக்குத்தான் கருவி. கைபிரேக் போட்டு, பின்சக்கரத்துக்குக் கல் வைத்து, வண்டியை ஜாக்கியில் ஏற்றி ஸ்டாண்டு போட்டுவிட்டு வேலையைத் தொடங்க வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகவே கூடாது.

மைக் கிளிப் இரும்பைக் கவ்வ வேண்டும். துரு, சேறு, அண்டர்கோட்டிங் மேல் மாட்டினால் சத்தம் மங்கிப்போகும். ரப்பர் பூட் மேல் மாட்டினால் ஒன்றுமே கேட்காது. கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்துவிட்டு மாட்டுங்கள். முதல் ஓட்டத்துக்கு ஆறு கிளிப்பையும் இப்படிப் பிரிக்கலாம்: இடது நக்கிள் (சக்கரம் மாட்டியிருக்கும் இரும்புக் கட்டை), வலது நக்கிள், இடது லோயர் ஆர்ம், வலது லோயர் ஆர்ம், ஸ்டெபிலைசர் பாரின் நடுப்பகுதி, ஸ்டீயரிங் ரேக்கின் உடல். இதில் எந்தப் பக்கம் என்பது தெரிந்துவிடும். அடுத்த ஓட்டத்தில் அந்தப் பக்கத்திலேயே ஆறையும் குவிக்க வேண்டும்.

கம்பிகளை டிரைவ் ஷாஃப்ட், டிஸ்க், சைலன்சர் குழாய் மூன்றிலிருந்தும் விலக்கி, பிளாஸ்டிக் டை போட்டு ஒவ்வொரு அடிக்கும் கட்ட வேண்டும். ஸ்டீயரிங்கை இரண்டு பக்கமும் முழுக்க ஒடித்து, சக்கரம் கம்பியை இழுக்கவில்லை என்று பார்த்த பிறகே நகர வேண்டும். சக்கரம் தொங்கும்போது போதுமான நீளமாகத் தெரியும் கம்பி, வண்டி கீழே இறங்கியதும் தளர்ந்து டயரில் உரசும். இறக்கிய பிறகு இன்னொரு முறை குனிந்து பாருங்கள். ஹெட்ஃபோனை ஓட்டுபவர் போடக் கூடாது. ஓட்ட ஒருவர், கேட்க ஒருவர். தனி ஆளுக்கான கருவி அல்ல இது.

ஓட்டத்துக்கு முன் இன்னொரு வேலை. ஆறு மைக்கும் ஒரே அளவு சத்தத்தைக் காட்டுவதில்லை, விலை குறைந்த செட்டுகளில் இந்த ஏற்றத்தாழ்வு அதிகம். ஆறையும் ஒரே இரும்புப் பட்டையில் மாட்டி ஸ்பானரால் தட்டி, எது உரக்க, எது மந்தம் என்று குறித்துக்கொள்ளுங்கள். இதைச் செய்யாமல் "மூன்றாம் சேனலில்தான் பலமாகக் கேட்கிறது" என்று லோயர் ஆர்மைக் கழற்றினால் அது மூன்றாவது மைக்கின் குணமாகக்கூட இருக்கலாம். சந்தேகம் வந்தால் இரண்டு கிளிப்பையும் இடம் மாற்றிப் பாருங்கள். சத்தம் இடத்தோடு நின்றால் பாகத்தின் கோளாறு, கிளிப்போடு கூடவே போனால் மைக்கின் கோளாறு.

ஓட்டிக் கேட்பது

வெறுமனே ஊரைச் சுற்றுவதில் பயனில்லை. ஆள் நடமாட்டமில்லாத ஒரே சாலையில், ஒரே வேகத்தில், ஒரே பள்ளத்தில் திரும்பத் திரும்ப இறக்க வேண்டும். இன்டர்லாக் கல் பதித்த தெருவில் 15, 20 கிலோமீட்டர் வேகம் இதற்கு நன்றாக இருக்கும். ஜன்னல், ஏசி, ரேடியோ எல்லாம் மூடி, ஒலி அளவை ஒரே இடத்தில் வைத்துவிட்டு சேனலை மட்டும் மாற்ற வேண்டும். சேனலுக்குச் சேனல் ஒலியையும் திருகிக்கொண்டிருந்தால் ஒப்பிட முடியாது.

வேகத்தடையை இரண்டு விதமாகக் கடந்து பாருங்கள். நேராக, இரண்டு முன்சக்கரமும் ஒன்றாக ஏறும்படி ஒரு முறை. குறுக்காக, ஒன்றன்பின் ஒன்றாக ஏறும்படி ஒரு முறை. இரண்டு சக்கரமும் சமமாக ஏறும்போது ஸ்டெபிலைசர் பார் முறுக்கப்படுவதில்லை, லிங்க் ராடுக்கு வேலை குறைவு. குறுக்காக ஏறும்போது பார் முறுகி, ராடு முழுச் சுமையையும் வாங்கும். நேராக ஏறினால் அமைதி, குறுக்காக ஏறினால் "டக்" என்றால் லிங்க் ராடு அல்லது பார் புஷ் பக்கம் பார்வை போக வேண்டும். இரண்டு விதத்திலும் ஒரே மாதிரி அடித்தால் ஸ்ட்ரட், மவுண்ட், லோயர் ஆர்ம் பக்கம்.

இந்தக் கருவியை வாங்குவதற்கான உண்மையான காரணம் அடுத்து வருவது. இரும்பு சத்தத்தை நன்றாகக் கடத்தும். லிங்க் ராடில் பிறக்கும் "டக்" ஸ்ட்ரட்டிலும் கேட்கும், நக்கிளிலும் கேட்கும், ஆர்மிலும் கேட்கும். அதனால் "எங்கே பலமாக இருக்கிறது" என்று மட்டும் கேட்டால் குழப்பமே மிஞ்சும். கேட்க வேண்டியது ரப்பரின் இரு பக்கத்தையும். ஒரு கிளிப்பை லோயர் ஆர்மில் புஷ்ஷுக்கு ஒட்டி மாட்டுங்கள். இன்னொன்றை அதே புஷ் உட்கார்ந்திருக்கும் சப்ஃபிரேமில், அதாவது அடிச்சட்டத்தில் மாட்டுங்கள். ரப்பர் நல்ல நிலையில் இருந்தால் ஆர்மில் பலமாகக் கேட்பது சப்ஃபிரேமில் மங்கிப்போகும். ரப்பர் கிழிந்து இரும்பும் இரும்பும் தொட்டுக்கொண்டால் இரண்டு சேனலிலும் அதே கூர்மையோடு கேட்கும். ஸ்ட்ரட் மவுண்ட்டுக்கும் இதே முறை: ஒன்று ஸ்ட்ரட் உடலில், ஒன்று பானெட்டைத் திறந்தால் தெரியும் ஸ்ட்ரட் டவரில். பால் ஜாயின்ட்டுக்கு ரப்பர் இல்லை. ஆனால் நக்கிளில் ஒன்று, ஆர்மின் நுனியில் ஒன்று மாட்டிக் கேட்டால், ஜாயின்ட் ஆடும்போது இரண்டிலும் ஒரே கணத்தில் ஒரே கூர்மையில் அடிப்பது தெரியும். மறுபக்க நல்ல ஜாயின்ட்டோடு ஒப்பிட்டால் சந்தேகம் இருக்காது.

சத்தத்தின் தன்மையையும் காது பழகிக்கொள்ளும். தேய்ந்த லிங்க் ராடு ஹெட்ஃபோனில் மெல்லிய, வேகமான, காய்ந்த "டக்டக்டக்". சின்னச் சின்னக் கல்லுக்கும் வரும், பெரிய பள்ளத்தில் தனியாகத் தெரியாது. லோயர் ஆர்மின் பின் புஷ் போனால் "தொம்" என்று ஒற்றை அடி. பிரேக் பிடிக்கும்போது ஒன்று, பிடித்ததை விட்டு ரிவர்ஸ் போகும்போது ஒன்று. ஸ்ட்ரட் மவுண்ட் பேரிங் போயிருந்தால் வண்டி நிற்கும்போதே ஸ்டீயரிங் ஒடிக்கையில் ஸ்பிரிங் மாட்டிக்கொண்டு "டொய்ங்" என்று விடுபடும். அதைப் பிடிக்க மைக் கூட வேண்டாம். ஒருவர் ஒடிக்கும்போது இன்னொருவர் ஸ்பிரிங்கின் மேல் விரலை லேசாக வைத்தால் அந்தத் துள்ளல் தெரியும். விரல் சுருள்களின் இடையில் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கடலோர ஊர் வண்டிகளில் ஸ்பிரிங்கின் கடைசிச் சுருள் உப்புக் காற்றில் அரித்து உடைந்து, கீழ்த் தட்டுக்குள்ளேயே ஒளிந்திருக்கும். வெளியிலிருந்து பார்த்தால் ஸ்பிரிங் முழுதாகத்தான் தெரியும். ஸ்ட்ரட்டின் கீழ்ப் பகுதியில் மட்டும் பலமான "கிளங்" கேட்டால் டார்ச் அடித்துச் சுருளின் நுனியைத் தேடிப் பாருங்கள்.

எங்கே ஏமாற்றும்

ஸ்டீயரிங் பக்கம் இந்தக் கருவியின் பலவீனம். முதல் தலைமுறை ஸ்விஃப்டில் ஸ்டீயரிங் வீலிலிருந்து இறங்கும் தண்டையும் ரேக்கையும் இணைக்கும் இடை ஷாஃப்டின் ஜாயின்ட் தேய்ந்தால் வரும் "கடக்" காலடியில் கேட்கும், ஸ்டீயரிங்கில் கைக்குத் தெரியும். ரேக்கில் மாட்டிய மைக்கிலும் அது பலமாகவே வரும், ஏனென்றால் ஷாஃப்ட் ரேக்கோடு இரும்பாகப் பிணைந்திருக்கிறது. இதைக் கேட்டு ரேக்கை மாற்றிவிட்டால் பெரும் செலவு வீண். வண்டி தரையில் நிற்க, ஒருவர் ஸ்டீயரிங்கை இடமும் வலமும் சிறு அளவில் வேகமாக அசைக்க, இன்னொருவர் டாஷ்போர்டுக்கு அடியில் கையை விட்டு அந்த ஜாயின்ட்டைப் பிடித்துப் பார்ப்பதுதான் சரியான வழி. ஆட்டம் இருந்தால் விரலில் படும். அதே அசைவில் அடியிலிருந்து, ரேக்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராடு எண்ட், ரேக் எண்ட் இரண்டையும் தொட்டுப் பார்த்துவிடலாம்.

வீல் பேரிங் விஷயத்தில் கருவி நல்ல உதவி. இரண்டு நக்கிளிலும் மாட்டி 50, 60 கிலோமீட்டர் வேகத்தில் சீராகப் போனால் கெட்ட பக்கம் உறுமுவது தெளிவாகத் தெரியும். ஆனால் கருவியே இல்லாமலும் பிடிக்கலாம்: சக்கரத்தைத் தூக்கி, கையால் சுழற்றிக்கொண்டே மறுகையை ஸ்பிரிங்கின் மேல் வைத்தால் பேரிங்கின் கரகரப்பு ஸ்பிரிங்கில் நடுங்கும். ஓட்டத்தில் இடது பக்கம் திரும்பும்போது உறுமல் கூடினால் சுமை ஏறும் வலது பேரிங்தான் முதல் சந்தேகம். ஒழுங்கற்றுத் தேய்ந்த டயரும் இதே போல உறுமும். சாலை மாறும்போது ஒலி மாறினால் டயர், மாறாவிட்டால் பேரிங். முன் டயரைப் பின்னால் போட்டு ஓட்டினால் மீதிச் சந்தேகமும் தீரும்.

டிரைவ் ஷாஃப்ட் சுழலும் பாகம், கிளிப் மாட்ட முடியாது. அதன் சக்கரப் பக்க மூட்டான வெளி சிவி ஜாயின்ட்டுக்குக் காலியான மைதானத்தில் ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்து ஆக்சிலரேட்டர் கொடுத்தால் வரும் "டிக் டிக் டிக்" போதும். கிளட்ச் விடும்போதும் ஆக்சிலரேட்டரை விட்டுப் பிடிக்கும்போதும் ஒரே ஒரு "டொம்" என்றால் எஞ்சின் மவுண்ட்டைப் பாருங்கள்.

கையால் உறுதி செய்யாமல் கழற்றாதீர்கள்

ஹெட்ஃபோன் காட்டிய இடத்தை இரும்பால் நெம்பி உறுதி செய்த பிறகே பாகம் வாங்கப் போக வேண்டும். இதிலும் தவறு நடக்கிறது. லிங்க் ராடைச் சோதிக்க ஒரு பக்கச் சக்கரத்தை மட்டும் ஜாக்கியில் தூக்குவார்கள். ஸ்டெபிலைசர் பார் முறுகி ராடை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும், ஆட்டம் தெரியாது, "நல்லா இருக்கு சார்" என்று பதில் வரும். இரண்டு முன்சக்கரமும் ஒரே உயரத்தில், இரண்டும் தொங்கியோ இரண்டும் தரையிலோ இருக்கும்போதுதான் ராடைக் கையால் பிடித்து ஆட்ட வேண்டும். இன்னும் உறுதி வேண்டுமென்றால் இரண்டு ராடையும் கழற்றி, பாரை எதிலும் உரசாதபடி கட்டிவிட்டு, அதே சாலையில் மெதுவாக ஓட்டிப் பாருங்கள். திருப்பத்தில் வண்டி கூடுதலாகச் சாயும், வேகம் கூடாது. சத்தம் போய்விட்டால் கேள்வி முடிந்தது.

லோயர் பால் ஜாயின்ட்டுக்குச் சக்கரம் தொங்க வேண்டும். ஜாக்கியை லோயர் ஆர்முக்கு அடியில் கொடுக்காமல் பாடியில் கொடுக்க வேண்டும். டயருக்கு அடியில் நீண்ட லீவரை விட்டு மேலும் கீழும் நெம்பும்போது ஜாயின்ட்டைப் பாருங்கள். சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டும்போது ஆட்டம் தெரிந்தால், ஒருவரை பிரேக்கை மிதிக்கச் சொல்லுங்கள். மிதித்ததும் ஆட்டம் நின்றால் பேரிங், நிற்காவிட்டால் ஜாயின்ட். இடமும் வலமும் பிடித்து ஆட்டும்போது வருவது டை ராடு பக்கம். ஸ்விஃப்டில் பால் ஜாயின்ட்டின் தண்டு நக்கிளுக்குள் ஒரு குறுக்கு போல்ட்டால் பிடிக்கப்பட்டிருக்கும். ஆர்ம் மாற்றிய சில நாளில் சத்தம் திரும்பினால், புது ஜாயின்ட்டைக் குறை சொல்லும் முன் அந்தப் போல்ட் இறுக்கமாக இருக்கிறதா என்று பாருங்கள்.

மாட்டும்போது கெடுப்பவை

கருவி சரியாகக் காட்டி, சரியான பாகமும் வாங்கிய பிறகு மாட்டும் விதத்தில் கெட்டுப்போவது நிறைய. லோயர் ஆர்ம் புஷ் போல்ட்டைச் சக்கரம் தொங்கும்போதே முழுதாக இறுக்கிவிடுவது முதல் குற்றம். ரப்பர் அந்த நிலையிலேயே பிடிபட்டு, வண்டி இறங்கியதும் முறுகி நிற்கும். ஓடும் ஒவ்வொரு நாளும் கிழியும். கையால் முறுக்கி விட்டு, வண்டியைத் தரையில் இறக்கி, முன்பக்கத்தை ஓரிரு முறை அழுத்தி உட்கார வைத்த பிறகுதான் மேனுவலில் சொல்லும் டார்க்குக்கு (முறுக்கு அளவுக்கு) இறுக்க வேண்டும். பிட் அல்லது சக்கரம் உட்காரும் வகை லிஃப்ட் இருக்கும் கடையில்தான் இது வசதி. கடையைத் தேர்ந்தெடுக்கும்போது இதை ஒரு கேள்வியாகக் கேளுங்கள். பதில் சொல்லும் விதத்திலேயே வேலை தெரிந்தவரா என்பது புரிந்துவிடும்.

லிங்க் ராடு நட்டை ஏர் கன் போட்டு இறுக்கினால் நடுத்தண்டும் சேர்ந்து சுழன்று, உள்ளே இருக்கும் உருண்டையை மூடிய ரப்பர் பூட் கிழியும். ஆலன் கீயாலோ ஸ்பானராலோ தண்டைப் பிடித்துக்கொண்டு கையால்தான் இறுக்க வேண்டும். ஸ்ட்ரட்டின் உச்சி நட்டுக்கும் இதே. ஸ்பிரிங் கம்ப்ரெஸர் இல்லாமல் அந்த நட்டைத் தொடவே கூடாது, உயிருக்கே ஆபத்து. மீண்டும் கோக்கும்போது ஸ்பிரிங்கின் நுனி கீழ்த் தட்டில் உள்ள படியில் சரியாக முட்டி நிற்க வேண்டும்; மவுண்ட் பேரிங்கை தலைகீழாகப் போட்டால் புதுப் பாகத்தோடு புதுச் சத்தம் வரும்.

லிங்க் ராடு மாற்றினால் அலைன்மென்ட் தேவையில்லை. ஸ்ட்ரட்டை நக்கிளிலிருந்து கழற்றினாலும், லோயர் ஆர்ம், டை ராடு எண்ட், ரேக் எண்ட் மாற்றினாலும் கட்டாயம் தேவை. லிங்க் ராடு, ஸ்ட்ரட் மவுண்ட், ஷாக் மூன்றையும் ஜோடியாக மாற்றுவது நல்லது; பால் ஜாயின்ட் ஒரு பக்கம் மட்டும் கெட்டிருந்தால் அதை மட்டும் மாற்றலாம். சென்னையில் புதுப்பேட்டைக்குப் போய்ப் பழைய லோயர் ஆர்ம் வாங்கி வருவோரும் உண்டு. கதவு, லைட் போன்றவற்றுக்கு அது சரி. ரப்பரும் பால் ஜாயின்ட்டும் உள்ள எந்தப் பாகத்தையும் பழையதாக வாங்காதீர்கள்.

யார், எதை வாங்கலாம்

ஒரே ஒரு சொந்த வண்டி வைத்திருப்பவர், சத்தம் ஒரு முறை வந்திருக்கிறது என்றால் இதை வாங்க வேண்டியதில்லை. மேலே சொன்ன வீல் நட், லேசான பிரேக், தண்ணீர், குறுக்கு வேகத்தடை, கை நெம்பல் ஆகியவற்றிலேயே பெரும்பாலும் பிடிபட்டுவிடும். அதற்குப் பிறகும் பிடிபடாமல், ஒரு ஜோடி ஸ்ட்ரட்டோ ரேக்கோ மாற்றச் சொல்லும் நிலை வந்தால், அந்தப் பாகமும் கூலியும் எவ்வளவு, செட் எவ்வளவு என்று பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டு மூன்று பழைய வண்டி வைத்திருக்கும் குடும்பத்துக்கும், டாக்ஸி ஓட்டுபவர்களுக்கும் கணக்கு எளிதில் சரியாகும்.

சிறிய ஒர்க்‌ஷாப் நடத்துபவர்களுக்குத் தயங்காமல் பரிந்துரைக்கலாம். வாடிக்கையாளரையே பக்கத்தில் உட்கார வைத்து, ஹெட்ஃபோனைக் கொடுத்து, இடது ஆர்மையும் சப்ஃபிரேமையும் மாற்றி மாற்றிக் கேட்க வைத்தால், எந்தப் பாகத்துக்கு ஏன் காசு கொடுக்கிறோம் என்பது அவருக்கே புரியும்.

பெயரில்லாத செட்டை வாங்குவதாக இருந்தால் வந்தவுடன் கிளிப்பின் பிடி, கம்பி மைக்கில் சேரும் இடம் இரண்டையும் பாருங்கள். முதலில் அறுவது அந்தச் சேருமிடம்தான். ஒவ்வொன்றுக்கும் ஒரு துண்டு ஹீட் ஷ்ரிங்க் குழாய் (சூடு காட்டினால் சுருங்குவது) போட்டு வலுப்படுத்திக்கொள்ளலாம். கூடவே வரும் ஹெட்ஃபோன் மெல்லியதாக இருந்தால், காதை முழுக்க மூடும் வகை ஒன்றை மாட்டிக்கொள்ளுங்கள். மென்மையான "தொம்" சத்தமெல்லாம் சாலை இரைச்சலில் காணாமல் போவது அதில்தான் நிற்கும். கம்பிகளின் நிறம் அழிந்துபோகும் முன் ஒவ்வொரு கிளிப்பிலும் எண் ஒட்டிவிடுங்கள். பெட்டியில் வைக்கும்போது 9 வோல்ட் பேட்டரியைக் கழற்றி வையுங்கள். கசிந்தால் உள்ளே இருக்கும் போர்டே போய்விடும்.